இரும்புச் சக்கரமும் கறுப்புக் காரும்: மென்னோனைட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

எதை வேண்டுமானாலும் வாங்கலாம், எதை வேண்டுமானாலும் நம்பலாம் என்றாகிவிட்ட காலத்தில், 500 வருடப் பழைய ஒரு கிறிஸ்தவப் பிரிவு தன் கொள்கையை எப்படிக் கட்டிக் காக்கிறது? இந்த மாதம் வந்த கேள்விகளில் பலவும் இதைச் சுற்றியே இருந்தன. தேர்ந்தெடுத்தவை இங்கே.

இங்கே செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைப் பக்கம் குதிரை வண்டியில் வருகிறவர்களை மென்னோனைட் என்கிறார்கள். கறுப்புக் காரில் தலைக்குல்லாவோடு வரும் பெண்ணும் மென்னோனைட்டாம். என் அலுவலகத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் மேனேஜரும் மென்னோனைட்டாம். இதில் யார் அசல்?
– வாசகி, கிச்சனர், கனடா

மூன்று பேரும் அசல்தான். உங்கள் ஊரில் குதிரை வண்டியில் வருகிறவர்கள் 'பழைய ஒழுங்கு' பிரிவினர். கறுப்புக் கார் மார்க்கம்-வாட்டர்லூ பிரிவுக்காரர்களுடையது. ஒரு காலத்தில் குரோமியப் பளபளப்பு வெளியே தெரியாதபடி பம்பருக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தவர்கள் இவர்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் பல இடங்களில் ஒரே ஆராதனைக் கூடத்தை மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வண்டியா காரா என்பதில் பிரிந்தாலும் கட்டடத்துக்காகச் சண்டை போடவில்லை. உங்கள் மேனேஜர் நவீன சபை எதையாவது சேர்ந்தவராக இருப்பார். அவருக்கு உடைக் கட்டுப்பாடு கிடையாது.

இவர்களுக்குப் பொது வேர் 1525 ஜனவரி 21, சூரிக் நகரம். அன்று கான்ராட் கிரேபல் என்ற இளைஞர் ஜார்ஜ் பிளாவ்ராக் என்ற முன்னாள் பாதிரியாருக்கு இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுத்தார். குழந்தையாக இருந்தபோது கிடைத்தது செல்லாது, புரிந்துகொண்டு கேட்கிறவனுக்குத்தான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் வாதம். அரசும் சபையும் ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில் இது ராஜத்துரோகம். அந்தக் கூட்டத்தில் இருந்த பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5 அன்று லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். மென்னோ சைமன்ஸ் பிற்பாடு வந்தவர். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் கத்தோலிக்கக் குருவாக இருந்து, 1536-ல் அதை விட்டுவிட்டுச் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தார். பெயர் அவருடையதாயிற்று.

ஆக, 'நீயே தேர்ந்தெடு' என்பதில்தான் இந்தச் சமயமே பிறந்தது. பல தேர்வுகள் உள்ள உலகம் இவர்களுக்குப் பகை என்று நினைப்பது பாதிதான் சரி. தேர்ந்தெடுத்து உள்ளே வந்த பிறகு, தனியாக உட்கார்ந்து முடிவெடுக்காதே என்பது மறுபாதி. கீழே வரும் பதில்களில் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். உலகம் முழுக்க ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் ஏறக்குறைய 21 லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மை ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில். மிகப் பெரிய தேசிய சபை எத்தியோப்பியாவின் மெசரெத்தெ கிறிஸ்தோஸ். வைக்கோல் தொப்பி போட்ட தாத்தா காலண்டருக்கு அழகு, ஆனால் கணக்கில் அவர் சிறுபான்மை.

டிராக்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான் போட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறதாமே? பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லையா?
– வாசகர், சென்னை

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். காரணத்தைக் கேட்டால் மண்டையில் உறைக்கும்.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் 1927-ல் கார் பிரச்சினையில் சபை உடைந்தது. பேராயர் மோசஸ் ஹார்னிங் பக்கம் நின்றவர்கள் கறுப்புக் காரை ஏற்றார்கள். ஜோசப் வெங்கர் பக்கம் நின்றவர்கள் குதிரையோடு நின்றார்கள். இந்த வெங்கர் கூட்டத்தின் முறைப்பெயர் கிராஃப்டேல் மாநாடு. இவர்கள் வீட்டில் மின்சாரம் உண்டு, தொலைபேசி உண்டு. டி.வி., ரேடியோ, கணினி கிடையாது. வயலில் டிராக்டர் ஓட்டலாம். ரப்பர் டயர் மாட்டினால் அதே டிராக்டர் சாலையில் வேகமாக ஓடும். ஓடினால் கடைக்குப் போக, சொந்தக்காரர் வீட்டுக்குப் போக என்று காராகிவிடும். கார் வந்தால் பிள்ளைகள் தூர ஊரில் வேலை தேடுவார்கள், சபை மக்கள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்க வேண்டிய தேவை போய்விடும். இரும்புச் சக்கரத்தில் சாலையில் போனால் உடம்பு கழன்றுவிடும், யாரும் உல்லாசமாகப் போக மாட்டார்கள். இயந்திரத்தை வயலுக்குள் கட்டிப்போட இது போதும். இரும்பு புனிதம், ரப்பர் பாவம் என்ற வாதமெல்லாம் இல்லை.

இப்படி ஒரு விதி எப்படி உருவாகிறது என்பதுதான் சுவாரசியம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், வருடத்துக்கு இரண்டு முறை, ஊழியர்கள், அதாவது சபைப் போதகர்கள், கூடிப் பேசுகிறார்கள். புதுக் கருவி ஏதாவது பரவியிருந்தால் அது அங்கே வரும். பின்பு ஒவ்வொரு சபையிலும் திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) முன்னால் ஒரு ஆலோசனை ஆராதனை நடக்கும். விதிகளை வாசிப்பார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் கடவுளோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறேன், திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறேன் என்று தெரிவிக்க வேண்டும். மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் பந்தி. திருவிருந்தும் வருடத்துக்கு இரண்டே முறை. அதோடு பாதம் கழுவும் சடங்கும் உண்டு. அதனால் புதிய பொருள் ஒன்று கடைக்கு வந்த மறுநாளே வேண்டுமா வேண்டாமா என்று யாரும் தவிக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டம் வரை பொறுத்தாக வேண்டும். அந்த ஆறு மாதத்தில் பாதி மோகம் தானாகவே தணிந்துவிடுகிறது.

எங்கே கெடுகிறது? முதலாவது, காரணம் மறந்துபோய் விதி மட்டும் மிஞ்சும்போது. இரும்பில் ரப்பரை ஒட்டலாமா, எத்தனை அங்குலம் ஒட்டலாம் என்று விவாதம் சட்ட நுணுக்கமாக மாறிவிடும். இரண்டாவது, வெளி உலகத்தோடு மோதும்போது. அயோவா மாநிலத்தின் மிட்செல் மாவட்டம் புதிதாகப் போட்ட கான்கிரீட் சாலைகள் சேதமாகின்றன என்று 2009-ல் இரும்புச் சக்கரத்தைத் தடை செய்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-ல் தீர்ப்பு மென்னோனைட்டுகளுக்குச் சாதகம். பள்ளிப் பேருந்துகளின் டயரில் பனிக்கால ஆணிகளை அனுமதித்துவிட்டு, சமயக் காரணத்துக்காக இரும்பு மாட்டியவர்களை மட்டும் தண்டிப்பது பொதுவான சட்டமாகாது என்றது நீதிமன்றம். சாலை போட்ட மாவட்டத்தின் கவலையும் நியாயமானதுதான் என்பது நம் கருத்து.

மூன்றாவது விஷயத்தைக் கெடுதல் என்று சொல்லலாமா தெரியாது. கார் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவர் பக்கத்துக் கறுப்புக் கார் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று தளர்வான சபைகள் வரிசையாக இருக்கின்றன. அதனால் விசுவாசத்தையே விட்டு ஓட வேண்டிய அவசியம் பலருக்கு வருவதில்லை.

போதகரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பார்களாமே?
– வாசகர், காஞ்சிபுரம்

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீங்கள் ஆச்சரியப்படலாமா! முறை இது: உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் நினைக்கும் பெயரைப் பேராயரிடம் மெல்லச் சொல்வார்கள். போதிய அளவு பெயர் வந்தவர்கள் வேட்பாளர்கள். அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப்புத்தகம். ஒரே ஒரு புத்தகத்தில், சீட்டு விழுவது எப்படியானாலும் முடிவு கடவுளுடையது என்னும் நீதிமொழிகள் 16:33 எழுதிய துண்டுத்தாள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கட்டி, கலைத்து, மேஜைமேல் வைப்பார்கள். ஆளுக்கொன்றை எடுக்க வேண்டும். தாள் இருக்கும் புத்தகத்தை எடுத்தவர் அன்றே ஊழியர். சம்பளமில்லை, இறையியல் கல்லூரியில்லை, ஓய்வுமில்லை. ஞானஸ்நானம் பெறும்போதே, சீட்டு விழுந்தால் மறுக்க மாட்டேன் என்று ஆண்கள் வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

பதவிக்கு ஆசைப்படுகிறவன் பிரசாரம் செய்ய வழியே இல்லை என்பது லாபம். பேசவே வராத ஒரு விவசாயி ஆயுள் முழுக்கப் பிரசங்கம் செய்ய வேண்டியிருப்பது நஷ்டம். நவீன சபைகள் இதை விட்டுவிட்டு, படித்த போதகரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன.

ராணுவத்தில் சேர மாட்டோம் என்கிறார்கள். நாடு காக்க மற்றவன் சாகட்டும், நான் ஜெபம் செய்கிறேன் என்பது சௌகரியமான கொள்கை அல்லவா?
– வாசகர், மதுரை

சௌகரியமாக இருந்ததே இல்லை என்பதற்கு வரலாறு உண்டு. ரஷ்யப் பேரரசு 1874-ல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் கொண்டுவந்ததும், அங்கே விவசாயம் செய்துவந்த மென்னோனைட்டுகளில் சுமார் 18,000 பேர் நிலத்தை விற்றுவிட்டு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். போகாதவர்கள் ராணுவத்துக்குப் பதிலாகக் காடு வளர்க்கும் வேலையை ஏற்றார்கள். அதற்கான செலவில் பெரும் பங்கு அவர்கள் சமூகத்தின் தலையில்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவில் 1941 முதல் 1947 வரை, ராணுவத்துக்குப் பதிலாகக் குடிமைப் பொதுப்பணி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பல சபைகளிலிருந்தும் ஏறக்குறைய 12,000 இளைஞர்கள். மென்னோனைட்டுகள் மட்டும் 4,600-க்கும் மேல். அரசாங்கச் சம்பளம் கிடையாது, முகாம்களைச் சபைகளே நடத்தின. மண் அரிப்பைத் தடுத்தார்கள், விமானத்திலிருந்து குதித்துக் காட்டுத்தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் உதவியாளர்களாக இருந்தார்கள். அந்த மருத்துவமனைகளில் நோயாளிகளை நடத்திய விதத்தை நேரில் பார்த்ததன் விளைவாகத்தான் போருக்குப் பின் மென்னோனைட்டுகள் தாங்களே மனநல மையங்கள் தொடங்கினார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படி மீட்பது என்று கண்டறிய மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1944-45-ல் நடத்திய பட்டினி ஆய்வில் உட்கார்ந்த 36 பேரும் இந்த ஏற்பாட்டில் இருந்த பல சபை இளைஞர்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் உடல் எடையில் கால்பங்கு போயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் போரில் அழைப்பு வந்த அமெரிக்க மென்னோனைட் இளைஞர்களில் சுமார் 40 சதவீதம் பேர் நேரடியாக ராணுவத்திலேயே சேர்ந்தார்கள். கொள்கை புத்தகத்தில் இருந்தது, பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் முன்தயாரிப்பு முக்கியம் என்று பல சபைகள் விழித்துக்கொண்டன.

அந்த முன்தயாரிப்பு என்ன? அமெரிக்காவில் கட்டாயச் சேர்ப்பு 1973-ல் நின்றது. மறுபடி வந்தால், மனசாட்சி மறுப்பாளர் என்று கோருகிறவர் உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியத்தின் முன் நிற்க வேண்டும். இந்த நம்பிக்கைக்கு எப்படி வந்தார், அது அவருடைய அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்று எழுத்தில் விளக்க வேண்டும், சாட்சிகளைக் கொண்டுவரலாம். அரசியல் காரணமோ சுயநலமோ செல்லாது. கோரிக்கைக்கு முந்தைய வாழ்க்கை அதற்கு ஒத்துப்போக வேண்டும். அழைப்பு வந்த அன்று எழுதிய கடிதத்தை யார் நம்புவார்கள்? ஆகவே 18 வயதுக்கு முன்பே எழுதி, தேதி போட்டு, போதகரிடமும் ஆசிரியரிடமும் உறவினரல்லாத ஒருவரிடமும் கடிதம் வாங்கி, ஒரு பிரதியைச் சபையில் கொடுத்து வைப்பதே உத்தமம். வருடா வருடம் சேர்ந்த தொண்டுப் பணியின் விவரத்தையும் அதில் சேர்க்கலாம்.

தோற்கும் இடங்கள் இரண்டு. மாதிரிக் கடிதத்தை அப்படியே நகலெடுப்பது ஒன்று. வாரியத்தின் முதல் குறுக்குக் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். 'இந்தப் போர் அநியாயமானது' என்று வாதாடுவது இன்னொன்று. எல்லாப் போரையும் மறுத்தால்தான் சட்டம் ஏற்கும், ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் மறுத்தால் ஏற்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது.

தென்கொரியாவில் மனசாட்சி மறுப்பாளர்களை 2018 வரை சிறைக்கே அனுப்பினார்கள். 2020 முதல் மாற்றுப் பணி உண்டு, 36 மாதம், சிறைச்சாலைகளிலேயே தங்கி வேலை. சௌகரியம்தானா, நீங்களே சொல்லுங்கள்.

ஆளைக் கொடுக்க மாட்டார்கள், சரி. வரிப் பணம் போகிறதே, அதில் துப்பாக்கி வாங்க மாட்டார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

நெத்தியடிக் கேள்வி. இதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. பெரும்பாலோர் ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படி, வரியைக் கட்டு என்னும் பைபிளின் ரோமர் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி வரியை முழுக்கக் கட்டிவிடுகிறார்கள். சிலர் வருமானவரி வரம்புக்குக் கீழேயே சம்பாதித்து எளிமையாக வாழ்கிறார்கள். சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லாத வழி இதுதான், ஆனால் குடும்பஸ்தனுக்குக் கஷ்டம். மிகச் சிலர் ராணுவத்துக்குப் போகும் பங்கு என்று கணக்கிட்டு அந்தத் தொகையை மட்டும் கட்டாமல் நிவாரணப் பணிக்கு அனுப்புகிறார்கள்.

மூன்றாவது வழியில் இறங்குகிறவர் கவனிக்க வேண்டியது: அமெரிக்காவில் வருமானத்தை மறைத்தால் குற்றம். ஆகவே கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதி, கட்ட வேண்டிய தொகையையும் சரியாகக் காட்டி, கட்டாததற்குக் காரணத்தைத் தனிக் கடிதமாக வைப்பார்கள். 'மனசாட்சிக் கழிவு' என்று படிவத்துக்குள்ளேயே ஒரு வரி சேர்த்துத் தொகையைக் குறைத்தால், ஆதாரமற்ற கணக்கு என்று 5,000 டாலர் அபராதம் விழும். இரண்டு வகையிலும் வரித்துறை கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ வட்டியோடு எடுத்துக்கொள்ளும். அரசாங்கத்துக்குக் கூடுதலாகத்தான் போகிறது. பலன் பணத்தில் இல்லை, பதிவில்தான் என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மாட்டார்களா?
– வாசகர், திருச்சி

மாட்டார்கள். மலைப்பிரசங்கத்தில் சத்தியமே பண்ண வேண்டாம் என்று இருக்கிறது (மத்தேயு 5:34). 1527-ல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் இவர்களின் முன்னோர் எழுதிய ஏழு தீர்மானங்களில் கடைசி இதுதான். சிக்கல் ஒன்றும் வராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'உறுதி கூறுகிறேன்' என்றால் போதும். நம் நாட்டிலும் 1969-ஆம் வருட உறுதிமொழிச் சட்டத்தில் அதே வசதி உண்டு. நம் சட்டமன்றத்தில் 'கடவுளறிய' என்பவர்களையும் 'உளமாற' என்பவர்களையும் பார்த்தவர்கள்தானே நாம். குமாஸ்தா வாசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், கையைத் தூக்கிய பிறகு சொன்னால் நீதிபதிக்கு எரிச்சல் வரும்.

காப்பீடு எடுக்க மாட்டார்கள் என்று படித்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லை எப்படிக் கட்டுகிறார்கள்?
– வாசகர், சேலம்

காப்பீடு இல்லை என்பது பழைய ஒழுங்குக்காரர்களுக்குத்தான் பொருந்தும். மற்றவர்கள் தங்களுக்கென்று நிதி நிறுவனமே நடத்துகிறார்கள், ஆயுதக் கம்பெனிப் பங்குகளைத் தவிர்க்கும் முதலீட்டு நிதிகூட இருக்கிறது.

பழைய ஒழுங்கில் ஏற்பாடு இப்படி. தீ விபத்துக்கு: ஒவ்வொருவரின் சொத்து மதிப்பும் பதிவில் இருக்கும். களஞ்சியம் எரிந்தால் நஷ்டத்தைக் கணக்கிட்டு, சொத்து மதிப்பின் விகிதத்தில் எல்லோரிடமும் வசூல். முன்கூட்டியே பிரீமியம் இல்லை, லாபமும் இல்லை. கூலியும் இல்லை, ஊரே கூடிக் கட்டிவிடும். ஆஸ்பத்திரிக்கு: பில் முதலில் குடும்பத்தின் பொறுப்பு. தாங்காவிட்டால் உதவிக்காரர், அதாவது சபையில் பணம் கவனிப்பவர், வருவார். அவர் மருத்துவமனையோடு பேசுவார். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பல மாதம் காத்திருப்பதைவிட உடனே ரொக்கம் கிடைப்பது மருத்துவமனைக்கும் நல்லது என்பதால் தள்ளுபடி கிடைக்கும். மீதிக்குக் காணிக்கை. அதுவும் போதாவிட்டால் மற்ற சபைகளிடம் கேட்பார்கள்.

சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்குக்குப் படிவம் 4029 இருக்கிறது. அந்தச் சபை 1950 டிசம்பர் 31 முதல் தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும், தன் முதியோரைத் தானே பராமரித்துவந்திருக்க வேண்டும், விண்ணப்பிப்பவர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவ உதவி இரண்டையும் எழுதிக் கொடுத்து விட்டுவிட வேண்டும். புதிதாகச் சபை தொடங்கி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த 1950 கதவடைக்கும். சம்பளக்காரர் என்றால் முதலாளியும் அதே விலக்கு பெற்றவராக இருக்க வேண்டும். நிலம் கட்டுப்படியாகாமல் வெளியார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இளைஞர் வரியும் கட்டுவார், பலனையும் வாங்க மாட்டார். இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி இதுதான்.

வீட்டில் கைபேசியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அவர்களிடம் கற்க ஏதாவது உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உண்டு, ஆனால் அவர்களும் தடுமாறும் இடம் இது. பொருளை அனுமதிப்பது அல்லது தடுப்பது என்ற பழைய முறை, சுவரில் மாட்டிய தொலைபேசி வரை வேலை செய்தது. கைபேசி ஒரே பொருளில் தொலைபேசி, சினிமா, கடை, சூதாட்டம் எல்லாவற்றையும் அடைத்து வந்துவிட்டது. 'தொலைபேசி ஆகும்' என்ற விதி வழியாகவே மற்றதெல்லாம் உள்ளே நுழைந்தது.

கார் ஓட்டும் கட்டுப்பெட்டிச் சபைகள் பலவும் இப்போது செய்வது: இணையம் தேவைப்படும் தொழில் இருந்தால் மட்டும் இணைப்பு, வடிகட்டி கட்டாயம், பார்த்த பக்கங்களின் பட்டியல் சபையில் வேறொருவருக்குத் தானாகப் போகும். அந்த 'வேறொருவர்' மனைவியாக இருந்தால் சண்டையில் முடியும், அண்ணன் தம்பியாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். சற்று வயதான, உறவல்லாத ஒருவரே பொருத்தம். கணினி இருக்குமிடம் கடையிலோ பட்டறையிலோ, படுக்கையறையில் அல்ல. வடிகட்டியின் கடவுச்சொல் வீட்டுக்காரர் கையில் இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது இது: பிள்ளைக்கு மட்டும் விதி போடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி, காரணத்தோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து திரும்பப் பேசுவது. அப்பாவுக்கு விலக்கு உண்டு என்றால் அன்றோடு முடிந்தது.

இந்தியாவில் இவர்கள் இருக்கிறார்களா? இங்கேயும் குதிரை வண்டிதானா?
– வாசகர், செகந்தராபாத்

உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்! ரஷ்யாவிலிருந்து புறப்பட்ட ஆபிரகாம், மரியா ஃபிரீசன் தம்பதி 1890 வாக்கில் நல்கொண்டாவுக்கு வந்தார்கள். பிறகு அமெரிக்கர்கள் வந்தார்கள். மகபூப்நகர், வனபர்த்தி, ஷம்ஷாபாத், ஜட்சர்லா என்று மென்னோனைட் பிரெத்ரன் சபை தெலங்கானாவில் வேரூன்றியது. சத்தீஸ்கரில் தம்தரியிலும் சாம்பாவிலும் வேறு மென்னோனைட் பிரிவுகள், பஞ்ச நிவாரணத்தை ஒட்டி வந்தவை. தமிழ்நாட்டுக்கு மிக அருகில் பெருவாரியாக இருப்பது தெலங்கானாவில்தான்.

குதிரை வண்டியெல்லாம் இங்கே பிரச்சினையே இல்லை. இங்கே கேள்வி சாதிச் சான்றிதழ். 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவராகிவிட்ட தலித் தெலங்கானாவில் பிற்படுத்தப்பட்டோரின் 'பி.சி.–சி' பிரிவுக்குப் போகிறார். 15 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து 1 சதவீதத்துக்கு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சபையிலோ அறிந்து கேட்டு ஞானஸ்நானம் பெறும் வயது, ஏறக்குறைய கல்லூரி விண்ணப்பம் போடும் வயது. ஆகவே ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவது, சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்வது என்று பல சமாளிப்புகள். 'உள்ளதை உள்ளதென்று சொல்' என்பவர்களுக்கு இது நெஞ்சில் முள். பென்சில்வேனியாக்காரருக்கு டயர் எப்படியோ அதைவிடக் கடினமான சோதனை இது என்போம். காரணம், இங்கே விலை கொடுப்பது ஏழை, விதி எழுதியது அரசாங்கம். அந்தச் சமாளிப்பைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

எதிரியை மன்னி என்கிறார்கள். குற்றம் நடந்தால் போலீஸுக்கே போக மாட்டார்களா?
– வாசகி, கிச்சனர், கனடா

உங்கள் ஊர்ப் பக்கமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1974-ல் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் 22 இடங்களில் கார், வீடு, சர்ச் என்று அடித்து நொறுக்கினார்கள். மென்னோனைட்டான நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சி, இவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்ச் சந்திக்கட்டும் என்று நீதிபதியிடம் யோசனை சொன்னார். போனார்கள், நஷ்டத்தைக் கேட்டார்கள், பணத்தையும் கட்டினார்கள். குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் சந்திக்கும் முறை அங்கிருந்து பல நாடுகளுக்குப் போயிற்று.

இதே கொள்கை கொடூரமாகத் தோற்ற இடங்களும் உண்டு. சபைக்குள் பிணக்கைத் தீர்க்க மத்தேயு 18 மூன்று படி சொல்கிறது: முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போ, அப்புறம் சபைக்குச் சொல். வேலித் தகராறுக்கு இது அருமையான முறை. பாலியல் கொடுமை நடந்தால், பாதிக்கப்பட்டவளையே தனியாகக் கொடுமைக்காரனிடம் அனுப்பும் முறையாகிவிடுகிறது. அமெரிக்க அகிம்சை இறையியலாளர்களில் மிகப் புகழ்பெற்ற ஜான் ஹோவர்ட் யோடர் பல பெண்களிடம் முறைகேடாக நடந்தது பல வருடம் அமுக்கப்பட்டது. அவர் பணிபுரிந்த இறையியல் கல்லூரி 2015-ல்தான் அந்தப் பெண்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பொலிவியாவின் ஒரு மென்னோனைட் குடியிருப்பில் 100-க்கும் மேற்பட்ட பெண்கள், சிறுமிகளை மயக்க மருந்து தெளித்து வன்புணர்ந்த வழக்கில் 2011-ல் ஏழு பேருக்கு 25 வருடச் சிறை. அங்கே முதலில் பெண்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை, பேய் வேலை என்றார்கள். இன்று பொறுப்பான சபைகளில் விதி தலைகீழ்: குழந்தை சம்பந்தப்பட்டால் முதலில் அரசு அதிகாரிக்குத் தகவல், சபை விசாரணை அதற்கப்புறம். மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை, மற்றவர் வற்புறுத்தக்கூடாது.

சபையை விட்டுப் போனால் ஒதுக்கிவைத்துவிடுவார்களா?
– வாசகர், பெங்களூரு

ஞானஸ்நானத்துக்கு முன் போனால் எந்த நடவடிக்கையும் இல்லை, அவன் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லையே. பிறகு போனால் உறுப்பினர் பதிவு போகும், திருவிருந்து கிடையாது. ஒரே மேஜையில் சாப்பிட மறுக்கும் கடும் விலக்கு, இவர்களிலிருந்து பிரிந்த ஆமிஷ் பிரிவின் வழக்கம். 1693-ல் ஜேக்கப் அம்மான் பிரிந்து போனதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றே அந்த விஷயம்தான்.

நான் சேர விரும்பினால்?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

நவீன சபை என்றால் எந்த ஞாயிறும் போய் உட்காரலாம். சில வார உறுப்பினர் வகுப்பு. பலரும் பயன்படுத்துவது 24 பிரிவுகள் கொண்ட 1995-ஆம் வருட விசுவாச அறிக்கை. வளர்ந்த பிறகு வேறெங்காவது ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றது என்றால் சபைக்குச் சபை பதில் வேறுபடும், முதலிலேயே கேட்டுவிடுங்கள். மென்னோனைட் பிரெத்ரன் தண்ணீரில் முழுக்குவார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் தலையில் ஊற்றுவார்கள்.

பழைய ஒழுங்கு என்றால் பல வருட வேலை. வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன், அதைக் கற்க வேண்டும். பக்கத்திலேயே குடிபோக வேண்டும், வண்டியும் குதிரையும் பழக வேண்டும். 1632-ஆம் வருட டார்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையின் 18 பிரிவுகளையும் பாடமாகக் கேட்டபின்தான் ஞானஸ்நானம். வெளியிலிருந்து வந்து நிலைத்தவர்கள் மிகக் குறைவு. சும்மா ஒருமுறை போய்ப் பார்க்க நினைத்தால், முன்கூட்டி யாரிடமாவது கேட்டுக்கொண்டு போங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். ஜெபத்தின்போது எல்லோரும் திரும்பி பெஞ்சைப் பார்த்து முழங்காலிடுவார்கள், நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள். குதிரைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி ஹாரன் அடிக்காதீர்கள்.